சின்னக் கருவிக்குச் சின்ன லினக்ஸ்: வெறும் கெர்னலிலிருந்து கட்டி எழுப்பும் முழுமையான வழிகாட்டி

எம்பெடட் கருவிக்கான (ரவுட்டர் போல ஒரே வேலைக்கென்று செய்த சின்னக் கணினிக்கான) லினக்ஸை இரண்டு விதமாகச் செய்யலாம். கணினிக்கென்று செய்த ஒரு பெரிய டிஸ்ட்ரிபியூஷனை எடுத்துக்கொண்டு வேண்டாததை எல்லாம் நீக்கிக்கொண்டே வருவது ஒன்று. ஒன்றுமே இல்லாத கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) தொடங்கி, தேவையானதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது இன்னொன்று. முதல் வழி சுலபமாகத் தெரியும். ஆனால் எதை எடுத்தால் எது உடையும் என்ற பயத்திலேயே பாதிச் சுமை உள்ளே தங்கிவிடும். இரண்டாவது வழியில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் ஏன் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும். நள்ளிரவில் கருவி நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்பதும் தெரியும். இந்த வழிகாட்டி இரண்டாவது வழிக்கானது.

பழகுவதற்குப் போர்டு எதுவும் தேவையில்லை. கியூஎமு எமுலேட்டரில் உள்ள 'விர்ட்' என்ற 32-பிட் ஆர்ம் மெஷின் போதும். லினக்ஸ் ஓடும் ஒரு கணினி, சில ஜிபி காலி இடம், ஷெல்லில் வேலை செய்த பழக்கம் இவை இருந்தால் தொடங்கலாம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது: எதில் சிறிது?

'சின்ன சிஸ்டம்' என்று சொல்லும்போது ஃபிளாஷில் பிடிக்கும் இடம், ரேமில் பிடிக்கும் இடம், பூட் ஆகும் நேரம் என்று மூன்று விஷயங்கள் கலந்துவிடுகின்றன. இவை ஒன்றோடொன்று மோதும். எக்ஸ்இசட்டில் அமுக்கிய கெர்னல் ஃபிளாஷில் மிகக் குறைந்த இடமே எடுக்கும், ஆனால் விரிய நேரமாகும். எல்இசட்4 கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆனால் சட்டென்று விரியும். ரூட் ஃபைல்சிஸ்டம் முழுவதையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸாக, அதாவது பூட் ஆகும்போது ரேமில் விரியும் கோப்புத் தொகுப்பாக, கெர்னலுக்குள்ளேயே வைத்தால் எல்லாம் ஒரே கோப்பாக அழகாக இருக்கும். ஆனால் விரித்த கோப்புகள் எல்லாம் கருவி ஓடும் வரை ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். அதே கோப்புகள் ஃபிளாஷில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற அமுக்கிய ஃபைல்சிஸ்டமாக இருந்தால், தேவைப்படும் பக்கங்கள் மட்டும் ரேமுக்கு வரும், நெருக்கடி வந்தால் கெர்னல் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி படித்துக்கொள்ளும்.

ஆகவே 'ஃபிளாஷ் இவ்வளவு, ரேம் இவ்வளவு, பவர் போட்டதிலிருந்து இத்தனை வினாடிக்குள் வேலை தொடங்க வேண்டும்' என்று மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் எது நிஜமாகவே இறுக்கமானது என்று தெரியாமல் ஒரு ஆப்ஷனையும் தொடாதீர்கள்.

டூல்செயின்

கம்பைல் செய்வது உங்கள் கணினி, ஓடுவது ஆர்ம் சிப். அதனால் கிராஸ் கம்பைலர் வேண்டும். அதுவும், அதோடு வரும் லிங்க்கரும் லைப்ரரிகளும் சேர்ந்ததே டூல்செயின். இதிலேயே சி லைப்ரரி எது என்ற முடிவும் அடங்கிவிடுகிறது. ஜிலிப்சி முழுமையானது, பெரியது, ஸ்டாட்டிக் லிங்க் செய்தால் (லைப்ரரியை நிரலின் பைனரிக்குள்ளேயே சேர்த்தால்) பெயர்த் தேடல் போன்ற சில வசதிகளில் தகராறு செய்யும். 2011-இல் வெளிவந்த மசல் சிறியது, ஸ்டாட்டிக் லிங்க்கை மனதில் வைத்தே எழுதப்பட்டது. மூன்றாவதாக யுசிலிப்சி-என்ஜி இருக்கிறது. எம்எம்யு (மெமரி முகவரிகளை நிர்வகிக்கும் பகுதி) இல்லாத சிப்புகளில் அதற்கு இன்னும் இடம் உண்டு.

சின்ன சிஸ்டத்துக்கு என் தேர்வு மசல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மசலில் ஒரு த்ரெட்டுக்குத் தானாகக் கிடைக்கும் ஸ்டாக் 128 கேபிதான். ஜிலிப்சியில் அது வழக்கமாக 8 எம்பி. ஸ்டாக்கில் பெரிய அர்ரே வைக்கும் பழைய நிரல் கணினியில் நன்றாக ஓடிவிட்டு, கருவியில் காரணமே தெரியாமல் விழுந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

டூல்செயினை நீங்களே கம்பைல் செய்யலாம். ஆனால் இப்போதைக்கு வேண்டாம். பூட்லின் நிறுவனம் ஆயத்தமாகத் தருவதில் ஆர்ம்வி7, ஹார்ட் ஃப்ளோட் (மிதவை எண் கணக்கைச் சிப்பே செய்வது), மசல் என்று இருப்பதை இறக்கி விரித்து, அதனுள் இருக்கும் 'பின்' என்ற அடைவை, ஷெல் கட்டளைகளைத் தேடும் பாத் மாறியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆர்ச் என்ற சூழல் மாறியில் ஆர்ம் என்றும், கிராஸ் கம்பைல் என்ற மாறியில் டூல்செயினின் முன்னொட்டையும் கொடுங்கள். முன்னொட்டின் கடைசியில் வரும் சிறுகோடு விட்டுப்போகக் கூடாது. இரண்டையும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டில் போட்டுவைத்து, ஒவ்வொரு புது டெர்மினலிலும் அதை முதலில் ஏற்றுங்கள். ஆர்ச் மாறி இல்லாமல் ஒருமுறை மெனுவைத் திறந்து சேமித்தாலும் கான்ஃபிக் கோப்பு எக்ஸ்86-க்கு மாறிவிடும்.

கெர்னல்: பூஜ்ஜியத்திலிருந்து

கெர்னல் மூலத்தை விரித்து, அந்த அடைவில் மேக் டைனிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். அணைக்கக் கூடியதை எல்லாம் அணைத்து, அளவுக்காக உகந்ததாக்கு, எக்ஸ்இசட்டில் அமுக்கு என்ற தேர்வுகளை மட்டும் போட்டுத் தரும். இதைக் கம்பைல் செய்தால் ஒரு எம்பிக்கும் குறைவான கெர்னல் வரும். அது ஒன்றும் செய்யாது, ஒரு வரி கூட அச்சிடாது. அச்சிடும் வசதியான பிரிண்ட்கே கூட அதில் அணைந்திருக்கிறது.

இனி மெனுகான்ஃபிக்கைத் திறந்து ஒவ்வொன்றாகச் சேர்ப்போம்.

சிஸ்டம் டைப் பகுதியில் டம்மி வெர்ச்சுவல் மெஷின் என்பதைப் போடுங்கள். கியூஎமுவின் விர்ட் மெஷினுக்கு அதுதான். இன்டரப்ட் கன்ட்ரோலர் போன்ற அடிப்படை டிரைவர்களை அதுவே இழுத்துக்கொள்ளும். அடுத்து ஜெனரல் செட்டப்பில் பிரிண்ட்கேயையும் இனிட்ராம்எஃப்எஸ் ஆதரவையும் போடுங்கள். டிரைவர்களில் டிடிஒய் (டெர்மினல் ஆதரவு), அதற்குக் கீழே பிஎல்011 சீரியல் போர்ட், அதன் கன்சோல் ஆதரவு மூன்றும் வேண்டும். மூன்றாவதை மறந்தால் போர்ட் இருக்கும், ஆனால் கெர்னல் அதில் பேசாது. எக்ஸிக்யூட்டபிள் வகைகளில் எல்ஃப் (கம்பைல் செய்த பைனரியின் வடிவம்), ஷபாங் வரியுள்ள (எந்த ஷெல்லில் ஓட வேண்டும் என்று முதல் வரியில் சொல்லும்) ஸ்கிரிப்ட் இரண்டும் வேண்டும். ஃபைல்சிஸ்டம்களில் புராக், சிஸ்எஃப்எஸ் இரண்டையும், டிரைவர்களின் ஜெனரிக் ஆப்ஷன்களில் டெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஸையும் (டெவ் அடைவின் டிவைஸ் நோட்களைக் கெர்னலே உருவாக்கும் வசதி) சேருங்கள்.

பலர் தவறவிடுவது விஎஃப்பி, அதாவது சிப்பின் மிதவை எண் பகுதிக்கான ஆதரவு. ஃப்ளோட்டிங் பாயின்ட் பகுதியில் இருக்கும் இந்த ஒரு ஆப்ஷன் இல்லாவிட்டால், ஹார்ட் ஃப்ளோட் டூல்செயினில் கட்டிய நிரல்கள் மிதவை எண் பதிவேட்டைத் தொட்ட கணத்திலேயே செத்துப்போகும். கெர்னல் ஓடும், யூசர்ஸ்பேஸ் ஓடாது.

பழைய வழிகாட்டிகள் பலவற்றில், மெமரி ஒதுக்க ஸ்லாப் என்ற மிகச் சிறிய அலோகேட்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பார்கள். எஸ்எல்ஓபி என்று எழுதப்படும் அது கெர்னல் 6.4-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தை ஸ்லப் டைனி பிடித்திருக்கிறது. புதிய கெர்னல்களில் டைனிகான்ஃபிக் அதையே போட்டுவிடும்.

பிஸிபாக்ஸ்

ஷெல், கோப்புக் கட்டளைகள், இனிட், மவுன்ட், நெட்வொர்க் கட்டளைகள் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னக் கருவிகள் ஒரே பைனரியில். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும். 1990-களின் நடுவில் ஒரே ஃப்ளாப்பியில் அடங்கும் டெபியன் நிறுவல் வட்டுக்காக புரூஸ் பெரன்ஸ் இதைத் தொடங்கினார். இடம் இல்லை என்ற அந்த நெருக்கடி இன்றும் இதன் நிரலில் தெரியும்.

முதல் தடவை டெஃப்கான்ஃபிக்கில் தொடங்குங்கள். செட்டிங்ஸ் பகுதியில் ஸ்டாட்டிக் பைனரி என்பதை மட்டும் போட்டு மேக், பிறகு மேக் இன்ஸ்டால். கீழே உருவாகும் அடைவில் பைனரியும், அதைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க்குகளும் இருக்கும். மசலோடு ஸ்டாட்டிக்காகக் கட்டினால் மொத்தமும் சுமார் ஒரு எம்பிதான். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஆல்நோகான்ஃபிக்கிலிருந்து திரும்பக் கட்டி, உங்கள் ஸ்கிரிப்ட்கள் கூப்பிடும் கட்டளைகளை மட்டும் சேர்க்கலாம். சீரியல் கன்சோலில் உட்கார்ந்து பிழை தேடும் நாளுக்காக, எந்த இறுக்கத்திலும் டிமெஸ்ஜி, பிஎஸ், விஐ மூன்றையும் விட்டுவைப்பது என் பழக்கம்.

ஸ்டாட்டிக்கா, ஷேர்டா? பிஸிபாக்ஸோடு உங்கள் நிரல் ஒன்று மட்டும் ஓடப்போகிறது என்றால் ஸ்டாட்டிக். தனித்தனி நிரல்கள் கூடக்கூட, அதே லைப்ரரி நிரல் ஒவ்வொன்றிலும் நகலாகி, ஷேர்ட் லைப்ரரிதான் சின்னதாகும். இரண்டையும் கட்டி அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ்

ஒரு அடைவில் பிஸிபாக்ஸ் நிறுவியதை வைத்து, அதில் புராக், சிஸ், டெவ், இடிசி என்ற வெற்று அடைவுகளைச் சேருங்கள். வேரிலேயே 'இனிட்' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட். அது செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: புராக், சிஸ்எஃப்எஸ், டெவ்டிஎம்பிஎஃப்எஸ் மூன்றையும் மவுன்ட் செய்துவிட்டு, கடைசி வரியில் பிஸிபாக்ஸின் இனிட்டை எக்ஸெக் மூலம் கூப்பிட வேண்டும். எக்ஸெக் இல்லாமல் சாதாரணமாகக் கூப்பிட்டால் பிஐடி 1 (கெர்னல் தொடங்கும் முதல் நிரலின் எண்) உங்கள் ஸ்கிரிப்ட்டிடமே இருந்துவிடும். பிஸிபாக்ஸ் இனிட் தன் எண் 1 இல்லை என்று பார்த்து ஓட மறுக்கும், ஸ்கிரிப்ட் முடிந்துவிடும், கெர்னல் பேனிக் ஆகும், அதாவது மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிடும். டெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஸைக் கெர்னலே மவுன்ட் செய்துகொள்ளும் ஆப்ஷன் ஒன்று உண்டு. ஆனால் அது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வேலை செய்யாது, நாமேதான் செய்ய வேண்டும்.

இடிசியில் இனிட்டேப் கோப்பு. பிஸிபாக்ஸ் இனிட்டுக்கு ரன்லெவல் கிடையாது, அந்தப் புலத்தைக் காலியாக விடலாம். சிஸ்இனிட் வரியில் தொடக்க ஸ்கிரிப்ட்டையும், ரெஸ்பான் வரியில் உங்கள் நிரலையும் கொடுங்கள். நிரல் விழுந்தால் இனிட் அதைத் திரும்ப எழுப்பிவிடும். கன்சோலில் ஷெல் வேண்டுமானால் வரியின் முதல் புலத்தில் டிடிஒய்ஏஎம்ஏ0 என்ற நிஜ சீரியல் போர்ட்டின் பெயரைக் கொடுங்கள். கன்சோல் என்ற பொதுப் பெயரில் ஷெல்லை ஓட்டினால், ஜாப் கன்ட்ரோல் இல்லை என்ற எச்சரிக்கை வரும், கன்ட்ரோல்-சி வேலை செய்யாது.

இதை எல்லாம் கெர்னலுக்குள் சேர்க்க, கெர்னல் மெனுவில் இனிட்ராம்எஃப்எஸ் மூலம் என்ற இடத்தில் அடைவின் பாதையைக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் டெவ் அடைவில் 'கன்சோல்' என்ற டிவைஸ் நோட் நீங்களே வைத்திருக்க வேண்டும். கேரக்டர் வகை, மேஜர் 5, மைனர் 1. அதை உருவாக்க ரூட் அனுமதி வேண்டும் என்பதால், அடைவோடு சேர்த்து ஒரு பட்டியல் கோப்பையும் கொடுத்து அதில் அந்த நோட்டை ஒரு வரியாக எழுதுவதே நல்ல வழி. கெர்னலின் சொந்தக் கருவி அதைப் படித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வடிவமான சிபிஐஓ கோப்பில் நோட்டை எழுதிக்கொள்ளும். கட்டும் வேலையில் எங்கேயும் சூடோ தேவைப்படாது.

முதல் பூட்டும் அதன் பிழைகளும்

கியூஎமுவில் விர்ட் மெஷின், 64 எம்பி ரேம், கிராஃபிக்ஸ் வேண்டாம், கெர்னலாக இசட்இமேஜ் கோப்பு, கெர்னல் வரியில் கன்சோல் டிடிஒய்ஏஎம்ஏ0. ஓட்டுங்கள். முதல் தடவையிலேயே ஷெல் வருவது அபூர்வம். திரையில் வருவதைச் சரியாகப் படித்தால் காரணம் உடனே பிடிபடும்.

ஒரு எழுத்துக் கூட வரவில்லை என்றால் பிரிண்ட்கே, பிஎல்011 கன்சோல், கெர்னல் வரியில் உள்ள போர்ட் பெயர் மூன்றையும் சரிபாருங்கள். தொடக்க கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று எச்சரித்துவிட்டு அமைதியானால், மேலே சொன்ன 5, 1 நோட் இல்லை.

ரூட் எஃப்எஸ்ஸை மவுன்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் பிளாக் 0, 0 என்று பேனிக் ஆனால் பலரும் டிஸ்க் டிரைவரைத் தேடுவார்கள். இங்கே டிஸ்க்கே இல்லையே! கெர்னலுக்கு வேரில் இனிட் என்ற கோப்பு கிடைக்கவில்லை, அதனால்தான் டிஸ்க்கைத் தேடிப் போயிருக்கிறது. கோப்பின் பெயரையும் இடத்தையும் பாருங்கள், இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

இனிட்டை இயக்க முடியவில்லை என்று சொல்லி ஒரு எண்ணையும் காட்டினால், அந்த எண்ணே விடை. −13 என்றால் கோப்புக்கு இயக்கும் அனுமதி இல்லை. −8 என்றால் கெர்னலுக்கு அந்தக் கோப்பு வகை புரியவில்லை: எல்ஃப் அல்லது ஸ்கிரிப்ட் ஆதரவு விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் உங்கள் கணினிக்கான எக்ஸ்86 பைனரி உள்ளே போயிருக்கும். −2 தான் ஆளைக் குழப்புவது. கோப்பு இல்லை என்று அர்த்தம், ஆனால் கோப்பு கண்ணெதிரே இருக்கும். இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அது நம்பியிருக்கும் வேறொன்று. ஸ்கிரிப்ட் என்றால் ஷபாங் வரியில் உள்ள ஷெல். பைனரி என்றால் டைனமிக் லிங்க்கர், அதாவது ஸ்டாட்டிக் ஆப்ஷன் போடப்படவில்லை.

கடைசியாக, இனிட்டைக் கொல்லப் பார்த்ததாகச் சொல்லி எக்ஸிட்கோட் 4 காட்டினால், அது 4-ஆம் எண் சிக்னல், தெரியாத கட்டளை. விஎஃப்பியைப் போய்ப் பாருங்கள்.

அளந்து குறைப்பது

ஷெல் வந்துவிட்டதா? சரி, இப்போது ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் விஎம்லினக்ஸ் (அமுக்காத கெர்னல்) கோப்பை நகலெடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் புளோட்-ஓ-மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. பழையது, புதியது இரண்டையும் கொடுத்தால் எந்தச் சார்பு எத்தனை பைட் வளர்ந்தது, எது சுருங்கியது என்று வரி வரியாகக் காட்டும். பூட் ஆகும்போது வரும் மெமரி வரியில் கெர்னல் கோடு, தரவு, பிஎஸ்எஸ் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். ரேமுக்கு அந்த வரியைப் பாருங்கள்.

பெரிய மீதம் வழக்கமாக எங்கே கிடைக்கும்? நெட்வொர்க் தேவையில்லாத கருவியில் நெட்வொர்க் அடுக்கு முழுவதையும் அணைப்பதில். வேண்டாத ஃபைல்சிஸ்டம்களில். கேஆல்சிம்ஸ் எனும் குறியீட்டு அட்டவணையில். ஆனால் கேஆல்சிம்ஸை எடுத்தால் பேனிக் வரும்போது சார்புகளின் பெயருக்குப் பதில் வெறும் முகவரிகள்தான் தெரியும். வெளியே அனுப்பும் கடைசி பில்ட் வரை அதை விட்டுவையுங்கள். பிரிண்ட்கேயை எடுத்தால் இன்னும் நூறு கேபிக்கு மேல் குறையும். அதை நான் எடுக்க மாட்டேன்.

உங்கள் சொந்த நிரலில், அளவுக்கான ஓ-எஸ் ஆப்ஷனோடு கம்பைல் செய்து, சார்புகளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, பயன்படாத பகுதிகளை நீக்கும்படி லிங்க்கரிடம் சொல்லி, முடிவில் ஸ்ட்ரிப் செய்யுங்கள் (பிழை தேட மட்டும் உதவும் குறியீட்டுத் தகவலை நீக்குங்கள்). ஸ்ட்ரிப் செய்யாத நகலைக் கணினியில் பத்திரமாக வைத்திருங்கள்.

ஃபிளாஷுக்குக் குடிபெயர்வது

நிஜ போர்டில் யு-பூட் போன்ற பூட்லோடர் கெர்னலையும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் ரேமில் ஏற்றி, கெர்னல் வரியைக் கொடுத்து ஓட்டும். போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ, உங்கள் போர்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். அது தப்பாக இருந்தால் கெர்னல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

ரூட் ஃபைல்சிஸ்டத்தைப் படிக்க மட்டும் முடிகிற ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் வையுங்கள். அதன் பிளாக் அளவு இயல்பாக 128 கேபி, 1 எம்பி வரை போகலாம். பெரிய பிளாக் நன்றாக அமுங்கும். ஆனால் 4 கேபி பக்கம் ஒன்று வேண்டியிருந்தாலும் முழு பிளாக்கையும் விரித்தாக வேண்டும். ரேம் குறைவான கருவியில் இயல்பு அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டிய இடத்தைத் தனிப் பிரிவாக ஒதுக்கி, ஓவர்லேஎஃப்எஸ் மூலம் மேலே விரிக்கலாம். ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர்களில் பல ஆண்டுகளாக நடப்பது இதுதான். கீழே ஸ்குவாஷ்எஃப்எஸ், மேலே எழுதக்கூடிய ஒரு மெல்லிய அடுக்கு, அந்த அடுக்கை அழித்தால் ஃபேக்டரி ரீசெட். நார் ஃபிளாஷ் என்றால் ஜேஎஃப்எஃப்எஸ்2 போதும். நேரடி நாண்ட் (தனி கன்ட்ரோலர் இல்லாத நாண்ட் ஃபிளாஷ்) என்றால் கெட்டுப்போகும் பிளாக்குகளைக் கவனிக்க யுபிஐ அடுக்கு கட்டாயம், அதன் மேல் யுபிஐஎஃப்எஸ். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸையும் நேரடி நாண்டில் எழுதக் கூடாது, யுபிஐ பிளாக் வழியாகவே வைக்க வேண்டும்.

பதிவுகளை ரேமில் வையுங்கள். செட்டிங் கோப்பை மாற்றும்போது, புதிய பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பிறகு பழைய பெயருக்கு ரீனேம் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கும்.

பில்ட்ரூட்டிடம் ஒப்படைப்பது

கையால் கட்டியது கற்றுக்கொள்ளவும் முதல் மாதிரிக்கும் நல்லது. பத்துப் பதினைந்து பேக்கேஜ் சேர்ந்தால் கை தாங்காது. அப்போது, இவை எல்லாவற்றையும் தானாகக் கட்டித் தரும் பில்ட்ரூட்டுக்கு மாறுங்கள். இதுவரை செய்த டூல்செயின், கெர்னல் கான்ஃபிக், பிஸிபாக்ஸ் கான்ஃபிக், இனிட்டேப் எதுவும் வீணாகாது, எல்லாவற்றையும் அதனிடம் கொடுக்கலாம். உங்கள் கோப்புகளை ரூட்எஃப்எஸ் ஓவர்லே அடைவில் வையுங்கள், உங்கள் போர்டுக்கான கான்ஃபிக்குகளை எக்ஸ்டர்னல் ட்ரீயாகத் தனியே வையுங்கள். அதே வேலைக்கான யாக்டோ இன்னும் வல்லது, ஆனால் பல தயாரிப்புகளைப் பெரிய குழு பராமரிக்கும் இடத்துக்குத்தான் அந்தச் சுமை தகும்.

மேக் கிராஃப்-சைஸ் கொடுத்தால் எந்த பேக்கேஜ் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வட்ட வரைபடமாகத் தரும். அதைப் பார்த்து ஒரு பேக்கேஜை நீக்கிவிட்டு மறுபடி மேக் கொடுத்தால் இமேஜ் அளவு குறையாது. ஏற்கெனவே நிறுவியதை பில்ட்ரூட் தானாக எடுக்காது, மேக் க்ளீன் செய்து முழுதாகக் கட்ட வேண்டும். அவுட்புட்டில் உள்ள டார்கெட் அடைவை அப்படியே ரூட் ஃபைல்சிஸ்டமாக நகலெடுக்காதீர்கள். அதில் டிவைஸ் நோட்களும் சரியான அனுமதிகளும் இருக்காது. இமேஜஸ் அடைவில் வருவதே பயன்படுத்த வேண்டியது.

வெளியே அனுப்பும் முன்

ஆர்டிசி (பவர் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம்) பேட்டரி இல்லாத போர்டில் கடிகாரம் 1970-இலிருந்து தொடங்கும். அந்த நேரத்தில் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வைத்தால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று நிராகரிக்கப்படும். நெட்வொர்க் வழியாக நேரம் தரும் என்டிபியில் நேரம் வாங்கும் வரை உங்கள் நிரல் காத்திருக்க வேண்டும், அல்லது கட்டிய தேதியையாவது தொடக்க ஸ்கிரிப்ட் கடிகாரத்தில் வைக்க வேண்டும்.

கெர்னல் வரியில் பேனிக் 10 என்று கொடுத்தால், பேனிக் ஆன 10 வினாடியில் கருவி தானே ரீபூட் ஆகும். அதோடு, குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் கருவியை ரீசெட் செய்யும் ஹார்டுவேர் வாட்ச்டாகையும் இயக்குங்கள். அதற்குத் தனி டீமன் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. டீமன் உயிரோடு இருக்கும், உங்கள் நிரல் உறைந்து கிடக்கும். முக்கிய வேலைச் சுற்று ஒன்று முடிந்த பிறகு உங்கள் நிரலே வாட்ச்டாகைத் தட்டட்டும்.

அப்டேட்டுக்கு இடமிருந்தால் ஏ, பி என்று இரண்டு பிரிவுகள் வையுங்கள். ஓடாத பிரிவில் புதியதை எழுதி, அதிலிருந்து பூட் செய்து, சரியாக எழுந்தால் மட்டும் உறுதி செய்வது. ராக், எஸ்டபிள்யூஅப்டேட் என்ற அப்டேட் கருவிகள் இரண்டும் இதைச் செய்யும். இரண்டு பிரிவுக்கு இடமில்லை என்றால், ஒரு சின்ன மீட்புக் கெர்னலும் நீங்கள் மேலே கட்டிய இனிட்ராம்எஃப்எஸ்ஸும் தனிப் பிரிவில் இருக்கட்டும்.

கெர்னலும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் பதிப்பு 2-இல் வருபவை. கருவியை விற்றால், அந்த மூல நிரலையும் அதைக் கட்டும் ஸ்கிரிப்ட்டுகளையும் கேட்பவருக்குத் தரும் கடமை உண்டு. 2007-இல் அமெரிக்காவில் ஜிபிஎல் மீறலுக்காகத் தொடரப்பட்ட முதல் வழக்கே பிஸிபாக்ஸ் பற்றியதுதான். பில்ட்ரூட்டில் மேக் லீகல்-இன்ஃபோ கொடுத்தால் எல்லா உரிமங்களும் மூலக் கோப்புகளும் ஒரே அடைவில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு வெளியீட்டின் இமேஜோடும் அந்த அடைவையும் கான்ஃபிக் கோப்புகளையும் ஒரே பதிப்பு எண்ணில் சேர்த்து வையுங்கள்.